முகமூடிக்கு முன் மரத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வீடு எடுத்துத் தங்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு, வெளிநாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே பல நாள் வராது. துன் சம்பந்தன் சாலையில் இறங்கினால் மல்லிகைச் சரம், வாழையிலை, நல்லெண்ணெய், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 2010 அக்டோபர் 27 அன்று இரு நாட்டின் அன்றைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப் ரசாக்கும் சேர்ந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியா அது. கிள்ளானுக்குப் போனால் தெங்கு கிளானா சாலையில் அதைவிட நெரிசலான இன்னொரு தமிழ்க் கடைத்தெரு. தீபாவளி நெருங்கும்போது அங்கே நடக்கவே இடமிருக்காது. இரண்டும் எனக்குப் பிடித்த இடங்கள். ஆனால் அங்கே விற்கும் சேலையும் விளக்கும் பெரும்பாலும் நம் ஊரிலிருந்து வந்து இறங்கியவை. இந்த மண்ணில் விளைந்து, இந்த மண்ணின் மனிதர்கள் கையால் செய்த பொருளைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தெருக்களைத் தாண்டிப் போக வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த இடம் கேரி தீவு. மா மெரி என்ற பூர்வகுடியினர் அங்கே மரத்தில் முகமூடியும் சிற்பமும் செதுக்குகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தாழை ஓலையில் பையும் பாயும் முடைகிறார்கள். அவற்றைத் தேடிப் போனதிலும், வாங்கியதிலும், வீட்டில் வைத்துப் பராமரித்ததிலும் எனக்குத் தெரியவந்தவற்றைச் சொல்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலைக்காகவோ படிப்புக்காகவோ வந்து தங்கியிருப்பவர்களுக்குப் பயன்படும்.

தீவுக்குப் போகுமுன் கோலாலம்பூரிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. பாசார் செனி என்கிற சென்ட்ரல் மார்க்கெட் எல்லோருக்கும் தெரிந்த இடம். 1888-இல் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் சந்தையாகத் தொடங்கியது. இப்போதுள்ள நீல நிறக் கட்டடம் 1937-இல் எழுந்தது. 1980-களில் இடித்துவிடும் யோசனை வந்தபோது, பழங்கட்டடங்களில் அக்கறை உள்ளவர்கள் குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அதன் பிறகுதான் கைவினைச் சந்தையாக மாறியது. உள்ளே பாத்திக் துணி, ஈயப் பாத்திரம், பிரம்புக்கூடை, முகமூடி எல்லாம் கிடைக்கும். அக்கம்பக்கத்து நாடுகளில் செய்ததும் உள்ளூரில் செய்ததும் ஒரே சுவரில் தொங்கும். எது எங்கிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன மரம்? எந்தக் கம்பத்தில், அதாவது எந்தக் கிராமத்தில், செய்தது? செய்தவர் பெயர் என்ன? மூன்றுக்கும் பதில் சொல்லும் கடைகள் குறைவு. சொல்லும் கடை கிடைத்தால் அதை விடாதீர்கள்.

தேசிய அருங்காட்சியகம் பிரிக்பீல்ட்ஸுக்கு மிகப் பக்கம். அதன் வளாகத்திலேயே பூர்வகுடிக் கைவினைக்கென்று தனியாக ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய கூடங்களைப் பார்த்துக் களைத்துப்போகிறவர்கள் அதை விட்டுவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் போக வேண்டும். மா மெரி முகமூடிகளும் பகாங் மாநிலத்து ஜா ஹுட் மக்களின் சிற்பங்களும் அருகருகே இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவில் மரச் சிற்பத்துக்குப் பேர்போன பூர்வகுடிகள் இந்த இரண்டு கூட்டத்தாரும்தான். இவற்றின் மூக்கையும் நாக்கையும் கண்குழியையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், பிறகு கடையில் எதைப் பார்த்தாலும் அடையாளம் தெரியத் தொடங்கும். கண் பழகாமல் பணத்தை எடுக்க வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்லும் யோசனை.

கெராய் ஓஏ என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பூர்வகுடிகளின் பொருள்களைத் தன்னார்வலர்கள் எடுத்து வந்து நகரத்துச் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் விற்கும் ஏற்பாடு அது. லாப நோக்கமில்லாதது. விற்ற காசு முழுவதும் செய்தவருக்கே போகிறது. தீவுவரை போக முடியாதவர்கள் அங்கே தைரியமாக வாங்கலாம்.

இனி தீவு. கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகத் தடத்துக் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளான் வரை சிரமமில்லை. அதற்கப்பால் கார்தான். பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் வரை போய், அங்கே திரும்பி லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரி தீவு. பெயர் தீவு என்றாலும் படகு வேண்டாம். ஆறும் கடலும் சுற்றி வளைத்த சதுப்பு நிலம் அது. வாடகைக் காரில் போகிறவர்கள் திரும்பி வர வண்டி கிடைக்குமா என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். உள்ளே கைப்பேசியில் தட்டினால் வண்டி வந்து நிற்கும் என்று நம்ப முடியாது. நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு காரில் போவதே வசதி. பணத்தைக் கிள்ளானிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். சிறு தாள்களாக இருந்தால் இன்னும் நல்லது.

பாலம் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் இந்த நிலத்தைப் பெற்றார். அவர் பெயர்தான் தீவுக்கு ஒட்டிக்கொண்டது. ரப்பர் நட்டார்கள், பின்னாளில் செம்பனை வந்தது. இன்று தீவின் பெரும்பகுதி, முன்பு சைம் டார்பி என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் தோட்டம். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நம்மவர்கள். 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக் கூட்டிவந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் தீவில் இன்னமும் இருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளி இருக்கிறது. ஆனால் இந்தத் தீவைப் பற்றிப் பேசும்போது சுற்றுலாக்காரர்கள் மா மெரியைப் பற்றி மட்டும் பேசுவார்கள். தமிழர் பேசினால் தோட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். நூறாண்டுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்துப் பேச ஆளில்லை. சாலையோரத்தில் இளநீர் விற்ற ஒரு தமிழ் அம்மாவிடம் வழி கேட்டேன். “அவங்க கம்பத்துக்கா? நேராப் போ தங்கச்சி. அவங்க பிள்ளையும் எங்க பிள்ளையும் ஒண்ணா வளந்ததுங்க” என்றார். தீவைப் பற்றி அதுவரை நான் படித்த எதிலும் அந்தச் செய்தி இல்லை.

தீவில் மா மெரிக் கம்பங்கள் பல உண்டு. சுங்கை பும்புன், சுங்கை ஜூடா, சுங்கை குராவ், சுங்கை ரம்பாய், கெப்பாவ் லாவுட் ஆகியவை அவற்றில் சில. வெளியாள் முதலில் போக வேண்டியது சுங்கை பும்புன். பண்பாட்டுக் கிராமம் அங்கேதான் இருக்கிறது. கட்டணம் கட்டி உள்ளே போனால் வழிகாட்டி ஒருவர் வீடு, சடங்கு, ஓலைக் கலை எல்லாவற்றையும் காட்டுவார். முன்பதிவு செய்தால் நடனமும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். செதுக்குபவர்களின் பட்டறைகள் அவரவர் வீட்டை ஒட்டியே இருக்கின்றன. யாரையாவது கேட்டுக்கொண்டு போகலாம். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி இறங்குவது நம் ஊரில் எப்படி இருக்குமோ அங்கேயும் அப்படித்தான். முதல் நாளே பேசி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சந்தை மலாய் போதும். வயதில் பெரிய ஆணை பாக் சிக் என்றும், பெண்ணை மாக் சிக் என்றும், அக்கா வயதில் இருப்பவரை காக் என்றும் கூப்பிட்டால் முகம் மலரும். அந்த மலாயைக் கற்க வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. வாரச் சந்தையான பாசார் மாலாமில் நின்று காய் வாங்கினாலே வந்துவிடும்.

மா மெரி மக்களின் தாய்மொழி மலாய் இல்லை. அது ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமரும் பர்மாவின் மோனும் அந்தக் குடும்பம்தான். நம் நாட்டில் சந்தாலியும் காசியும் நிக்கோபாரியும் அதே குடும்பம். மலேசிய அரசு தீபகற்பத்துப் பூர்வகுடிகளைப் பதினெட்டுப் பிரிவாகக் கணக்கெடுக்கிறது. அத்தனை பேரும் சேர்ந்து சுமார் இரண்டு லட்சம். அதில் மா மெரி சில ஆயிரம் பேர்தான். இவ்வளவு சிறிய கூட்டத்திலிருந்து இவ்வளவு பெரிய கலை வந்திருக்கிறது.

இப்போது மரத்துக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

சிற்பத்துக்கு அவர்கள் எடுக்கும் மரம் நிரே பத்து. அலையாத்திக் காட்டில், உப்புநீர் ஏறி இறங்கும் சேற்றில் வளர்வது. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அந்த மாதிரிக் காடு தெரியும். நிரே பத்து கனமான, இறுக்கமான மரம். உள்வைரம் செம்பழுப்பு, வெளிப்புறம் வெளிறியிருக்கும். தேர்ந்த கை அந்த இரண்டு நிறத்தையும் வீணாக்காது. உடல் செம்பழுப்பிலும் முடியோ வாலோ வெளிறிய பகுதியிலும் வரும்படி துண்டைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை தொடங்குவார்கள். அந்த நிற மாற்றத்தைச் சாயம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆட்டத்துக்குப் போடும் முகமூடிக்கு வேறு மரம் எடுக்கிறார்கள்: பூலாய். நம் ஏழிலைப்பாலையின் இனம். வெளிறிய நிறம், எடை குறைவு. முகத்தில் கட்டிக்கொண்டு ஆட வேண்டுமே, கனமாக இருந்தால் முடியுமா?

ஆகவே கையில் எடுத்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் முகமூடி கனமாக இருந்தால் நிரே. லேசாக இருந்தால் பூலாய். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். எதற்காகச் செய்தது என்று கேளுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி மெருகேற்றியிருப்பார்கள். பின்பக்கத்தில்தான் வாய்ச்சியும் உளியும் போன தடம் தெரியும். குழிவு ஒரே சீராக இருக்கிறதா, எங்காவது மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா என்று அங்கே பார்க்க வேண்டும். ஈர மரத்தில் அவசரமாகச் செய்தது பின்னால் வெடிக்கும். நல்ல கைகாரர் அதை மறைக்க மாட்டார். கேட்டால் மரத்தை எவ்வளவு நாள் ஆறவிட்டார் என்று சொல்வார்.

அவர்கள் செதுக்குவது மோயாங்குகளை, அதாவது முன்னோர் ஆவிகளை. நம் குலசாமி போல என்று நினைத்தால் பாதி விளங்கும். காட்டிலும் கடலிலும் ஆற்றிலும் வாழ்ந்த மக்கள் என்பதால் புலி, முதலை, நண்டு, மீன் எல்லாம் மோயாங் வடிவில் வரும். ஒவ்வொன்றுக்கும் கதை இருக்கிறது. மிகவும் பேர்பெற்றது ஹரிமாவ் பெரந்தாய், சங்கிலி பூட்டிய புலி. அந்தச் சங்கிலி தனியாகச் செய்து மாட்டியதில்லை. ஒரே மரத்துண்டில் புலியையும் சங்கிலியையும் சேர்த்தே குடைந்து எடுக்கிறார்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து அசையும். எங்கும் ஒட்டு இருக்காது. ஒரு வளையம் உடைந்தால் மொத்தச் சிற்பமும் போயிற்று. யுனெஸ்கோ கைவினைகளுக்குக் கொடுக்கும் சிறப்பு முத்திரையைப் பெற்ற வேலை அது. நம் ஊர்க் கோயில்களில் கல்லில் குடைந்த சங்கிலியைப் பார்த்து நாம் வாய்பிளந்து நிற்போம் அல்லவா? அதே வேலையை மரத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிறார்கள். கிடைக்கும் வாய்ப்பில் அதை அருகிலிருந்து பாருங்கள். வாங்குவது இரண்டாம்பட்சம்.

அந்த நிரே மரம்தான் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அலையாத்திக் காடு சுருங்கிக்கொண்டே வருகிறது. கரையோரம் தோட்டமானது, தொழிற்சாலையானது. கேரி தீவில் பெரிய துறைமுகம் கட்டும் பேச்சும் பல ஆண்டுகளாக எழுந்து அடங்கி எழுந்துகொண்டிருக்கிறது. முன்பு வீட்டுக்குப் பின்னால் போய் வெட்டிய மரத்தை இப்போது தூரம் போய்த் தேட வேண்டியிருக்கிறது. சிற்பத்தின் விலையில் மரம் தேடிய நாள்களின் கூலியும் சேர்ந்திருக்கிறது. இது தெரியாதவர்கள்தான் “இந்தச் சின்ன பொம்மைக்கு இவ்வளவா?” என்று கேட்கிறார்கள்.

நிலம் யாருடையது என்ற கேள்வியும் மரத்தோடு சேர்ந்தே வருகிறது. மலேசியாவில் பூர்வகுடிகளுக்கென்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நில உரிமை நீதிமன்றத்தில் போராடித்தான் கிடைக்க வேண்டியிருந்தது. இதே சிலாங்கூர் மாநிலத்தில், டெங்கில் பக்கம் புக்கிட் தம்போய் என்ற இடத்தில் தெமுவான் பூர்வகுடியினரின் நிலத்தை விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக எடுத்தார்கள். சாகோங் தாசி என்பவரும் அவருடைய கம்பத்தாரும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நாம் சென்னைக்கு விமானம் ஏறப் போகும் அந்தச் சாலைப் பக்கத்துக் கதைதான் இது. தோட்டத்தை விற்றபோது வீடிழந்த தமிழ்க் குடும்பங்களின் கதை தெரிந்த நமக்கு இந்த வழக்கு புரியாமல் போகாது. கைவினைக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். சதுப்பு போனால் நிரே போகும், நிரே போனால் மோயாங்கை எதில் செதுக்குவது? எனக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பெண்களின் வேலைக்குப் போவோம். சுங்கை பும்புனில் தொம்போக் தொப்போ என்று ஒரு நெசவுக் குழு இருக்கிறது, முழுக்கப் பெண்கள். நான் திருநெல்வேலிப் பக்கம். பத்தமடையில் கோரையைத் தாமிரபரணியில் ஊறவைத்துக் கிழித்துப் பாய் நெய்வதைச் சிறுவயதிலேயே பார்த்தவள். அதனால் இந்தப் பெண்கள் உட்கார்ந்து முடைவதைப் பார்த்ததும் எழுந்து வர மனமில்லை. அவர்கள் எடுப்பது தாழை இனத்து ஓலை. வெட்டிவந்து, விளிம்பிலும் நடுநரம்பிலும் உள்ள முள்ளைச் சீவி, ஒரே அகலத்துக்குக் கீற வேண்டும். நெருப்பில் வாட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி, சாயம் தோய்த்து, மறுபடி உலர்த்தி, நீவி மென்மையாக்கிய பிறகுதான் முடைவதே தொடங்கும். கடையில் ஒரு பையைப் பார்த்து இரண்டு மணி நேர வேலை என்று மதிப்பிடுகிறவர்கள் முடையும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஓடிய நாள்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

மழை மாதங்களில் ஓலை காயாது. அப்போது போய் உடனே வேண்டும் என்று கேட்பதில் பயனில்லை. வாங்கும்போது விளிம்பைத் தடவிப் பாருங்கள். முனை உள்ளே மடங்கிச் செருகியிருக்க வேண்டும், வெட்டிவிட்டதாக இருக்கக் கூடாது. மூலைகளை லேசாக அழுத்தினால் மீண்டும் நிமிர வேண்டும். புஜாம் என்றொரு சிறு பை செய்கிறார்கள். முன்பு வெற்றிலை பாக்கும் புகையிலையும் வைத்துக்கொள்ளும் பை அது. இன்று கைப்பேசியும் கண்ணாடியும் வைக்கலாம். முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். தினமும் கையில் எடுக்கும் பொருளாக இருந்தால்தான் வேலைப்பாட்டின் அருமை தெரியும்.

விலையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெட்டாலிங் ஸ்திரீட் கடைத்தெருவில் பேரம் பேசுங்கள். அங்கே பேரத்துக்கென்றே விலை ஏற்றிச் சொல்வார்கள். செய்தவர் வீட்டில் பேரம் பேசாதீர்கள். சிறு பைகள் சில பத்து வெள்ளிக்குள், அதாவது ரிங்கிட்டுக்குள், கிடைக்கும், நல்ல முகமூடி நூறுகளில் போகும், பெரிய சிற்பம் ஆயிரங்களைத் தொடும். கையில் இருக்கும் தொகைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். கையில் காசு குறைவென்றால் பெரிய சிற்பத்தைக் குறைத்துக் கேட்பதற்குப் பதிலாகச் சிறியதை முழு விலைக்கு வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது அந்த வீட்டில் உங்களுக்குக் கிடைக்கும் வரவேற்பே வேறாக இருக்கும்.

ஆர்டர் கொடுப்பதானால் இன்னொன்று. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி “இதேபோல் வேண்டும்” என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கேட்டால் செய்து கொடுப்பார்கள்தான். அதைவிட, எந்த மோயாங்கைச் செய்ய அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிப்பார், கதை சொல்வார், கிடக்கும் துண்டுகளைப் புரட்டிக் காட்டுவார். எந்த மரத்துண்டில் எந்த வடிவம் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். நாள் குறித்து நெருக்காதீர்கள். மழை, மரம், வீட்டு விசேஷம், திருவிழா எல்லாம் இடையில் வரும். முன்பணம் கொஞ்சம் கொடுத்துவிட்டு, தயாரானதும் செய்தி அனுப்பச் சொல்லிவிட்டு வரலாம்.

திருவிழா என்றதும் சொல்ல வேண்டியது ஹரி மோயாங், முன்னோர் நாள். நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். மோயாங் வீட்டில் படையல் வைத்து, கெமெஞ்ஞான் என்ற சாம்பிராணி புகைத்து வணங்குவார்கள். அந்தப் புகை வாசனையில் நமக்கு வெள்ளிக்கிழமை மாலை வந்துவிடும். நம் வீட்டுச் சாம்பிராணியும் ஒரு காலத்தில் சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வந்ததுதான். ஓலையை மடித்து மடித்துப் பூவும் பறவையுமாகச் செய்து எங்கும் தொங்கவிட்டிருப்பார்கள். அவை விற்பனைக்கு இல்லை, ஆவிகளுக்கான அலங்காரம். பிறகு ஜோஓ ஆட்டம். நடுவில் மண்மேடு, சுற்றிப் பெண்கள், முகமூடி போட்ட ஆண்கள். பக்கத்தில் மூங்கிலைத் தரையில் தட்டும் ஓசை, கோங், வயலின். ஆம், வயலின் வாசிக்கிறார்கள். ஜூடா கம்பத்தார் கடல் ஆவிகளுக்குக் கரையில் பூசை செய்கிறார்கள். பூஜா பந்தாய் என்று பெயர். சேற்றில் இறங்கி நிற்க வேண்டியிருக்கும். நல்ல செருப்பைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

விழாவில் முகமூடியைப் பார்த்த பிறகு, சுவரில் தொங்கும் முகமூடியை அதே கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே முடிந்தால் விழாவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மோயாங் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பட்டறையில் கிடக்கும் முகமூடியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதையும் தவிர்க்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். நம் கோயில் உற்சவரின் கவசத்தை ஒருவர் எடுத்து மாட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. நிரேச் சிற்பத்தை ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைக்கக் கூடாது. வெயில் விழும் ஜன்னலோரமும் கூடாது. சேற்றில் வளர்ந்த மரம். திடீரென்று உலர்ந்தால் வெடிக்கும். மாதம் ஒருமுறை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும், ஈரத்துணி வேண்டாம். ஆண்டுகள் ஆக ஆக நிறம் ஆழ்ந்துகொண்டே போகும். தாழைப் பொருளுக்கு ஆபத்து பூஞ்சை. கோலாலம்பூர் ஈரத்தில் அலமாரிக்குள் பூட்டிவைத்த பை வெள்ளை படர்ந்துபோகும். காற்றாடத் தொங்கவிடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் காலை இளவெயிலில் காயவைத்து, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். உச்சி வெயிலில் போட்டால் சாயம் மங்கும், ஓலை நொறுங்கும்.

ஊருக்குக் கொண்டுபோகும்போது செய்தித்தாளில் சுற்றி, மேலே துணி சுற்றி, கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் அடைத்து நாள் கணக்காக வைக்காதீர்கள். மதுரை, திருச்சி வெயிலுக்குப் போகும் சிற்பத்தைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே நடுக்கூடத்தில் வைக்காமல், சில நாள் நிழலான அறையில் வைத்திருங்கள். புது ஊரின் வறட்சி மெல்ல மெல்லப் பழகும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குக் கொண்டுபோகிறவர்கள் மரப்பொருள் இருக்கிறது என்று விமான நிலையப் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும். அங்கே விதி கடுமை.

யாருக்காவது பரிசளிப்பதானால் ஒரு சீட்டு எழுதி உள்ளே வைக்கிறேன். செய்தவர் பெயர், அவர் அனுமதியோடு. கம்பத்தின் பெயர், மரமோ ஓலையோ அதன் பெயர், எந்த மோயாங், என்ன கதை. தமிழில்தான் எழுதுகிறேன். ஊரில் அம்மாவின் ஷோகேஸில் இருக்கும் முகமூடிக்குப் பின்னால் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் “இது என்ன, கேரளாக் கதகளி முகமா?” என்று கேட்டால், அம்மா அதைத் திருப்பிச் சீட்டைப் படித்துக் காட்டிவிட்டு, கேரி தீவு கிள்ளானுக்குப் பக்கம் என்பதில் தொடங்கி, அங்கே நம் ஆட்கள் பால்மரம் வெட்டியதுவரை சொல்கிறார்.